போடிலின் ஏழு பன்னிரண்டு வண்டி

போடில் இருபத்திரண்டு வருடம் ஒரே பஸ்ஸை ஓட்டினாள். பதினேழாம் எண் வண்டி, காலை ஏழு பன்னிரண்டு. அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது ஏழு பன்னிரண்டுக்கு வந்ததில்லை. அதற்காகக் கதவு திறக்கிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

மழை நாளுக்கு ஒரு மன்னிப்பு வைத்திருந்தாள், கொஞ்சம் இழுத்தாற்போல: "மன்னிச்சுக்கோங்கோ... நனைஞ்சிட்டீங்களே..." பனி நாளுக்கு ஒன்று, நறுக்கென்று: "மன்னிக்கணும். ஏறுங்க. கதவ மூடணும்." திங்கட்கிழமைக்குத் தனியாக ஒன்று. அதில் பாதி கொட்டாவி. வண்டி போகும் ஊரான லுந்தெரூப்பின் பள்ளிப் பிள்ளைகள் போடில் மாதிரி மன்னிப்புக் கேட்டு விளையாடுவார்கள். தோளைக் குறுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "லாரிங்க, லாரிங்க, நான் என்ன பண்ணட்டும்!" என்பார்கள். போடில் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "தலைய இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்டா, இடது பக்கம்" என்று திருத்துவாள்.

குற்றம் அவளுடையது அல்ல. லுந்தெரூப்பின் பெரிய தெரு வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகும் லாரி எல்லாம் போயிற்று. யூட்லாந்துப் பகுதியின் பாதிப் பன்றிகள் அந்தத் தெரு வழியாகத்தான் கசாப்புத் தொழிற்சாலைக்குப் போயின. தேவாலயச் சந்திப்பில் விளக்கு பச்சையாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். எதுவும் நகராது. பக்கத்தில் நிற்கும் மூன்றடுக்கு லாரியின் இடுக்கு வழியே பன்றிகள் மூக்கை நீட்டிப் போடிலைப் பார்க்கும். அவளும் பார்ப்பாள். ஒரு கட்டத்தில் அவளுக்கே, ஒவ்வொரு நாளும் அதே பன்றிகள்தானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. குடுவையில் கொண்டுவரும் காப்பியை ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் குடிக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது உடனே திரும்பிப் புறப்படும் நேரம் தாண்டியிருக்கும். காப்பி வெதுவெதுப்பாகி, ஆறி, மத்தியானம் ஒரு மடக்கு வாயிலும் மீதி தொட்டியிலும் போகும்.

சந்திப்புக்கு முன்னால் இருந்தது கல்லறைத் தோட்டம் மட்டும். அங்கே யாருக்கும் அவசரமில்லை. வீடுகள் எல்லாம் சந்திப்பைத் தாண்டித்தான். முதல் நிறுத்தம் லிண்டெவாய் என்ற தெரு. அங்கே வண்டி வரவேண்டியது ஏழு பன்னிரண்டுக்கு. வந்தது ஏழு இருபத்தாறுக்கு. சரியாகப் பதினாலு நிமிடம்.

"சரியாக" என்று சொன்னதற்குக் காரணம் ஐகில்.

ஐகில் ஓய்வுபெற்ற நில அளவையாளர். லிண்டெவாய் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர். நகரத்து அளவை ஆவணக் காப்பகத்தில் இன்னமும் வாரம் ஐந்து நாள் சம்பளமில்லாமல் போய் உட்கார்ந்து மற்றவர்கள் அளந்ததைச் சரிபார்ப்பவர். புறவழிச் சாலை வேண்டும் என்று பத்தொன்பது வருடம் மனு எழுதியவரும் அவர்தான். சாலை வரும்வரை சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஆறு மாதம் காலையில் நோட்டும் கடிகாரமுமாக நின்று, வண்டி வரும் நேரத்தை எழுதி, கூட்டி வகுத்து, ஒரு திருத்தப்பட்ட கால அட்டவணை தயாரித்தார். பஸ் கம்பெனி ஏழு பன்னிரண்டு என்றால் ஐகில் ஏழு இருபத்தாறு. ஏழு நாற்பத்திரண்டு என்றால் ஏழு ஐம்பத்தாறு. அதை லேமினேட் செய்து நூற்றி இருபது வீட்டுக்கும் கொடுத்தார். நூற்றி இருபது குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் அது ஒட்டியிருந்தது. மற்ற எட்டு நிறுத்தத்துக்காரர்களும் அதைப் பார்த்து அதே பதினாலு நிமிடத்தைக் கூட்டிக்கொண்டார்கள். நிறுத்தத்தில் தொங்கும் கம்பெனி அட்டவணையை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிலந்தி பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான், தொண்ணூற்றாறு செப்டம்பரில், சாலை வந்தது.

கார்கள் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அந்தச் சாலையில் நடந்தது. நாலு வழி, புத்தம் புதுத் தார், வெள்ளைக் கோடு இன்னும் பளபளவென்று. குழந்தை வண்டி, சைக்கிள், சக்கர நாற்காலி, நாய், கையில் சின்னக் காகிதக் கொடி. மேம்பாலத்துக்கு அடியில் சாஸேஜ் கடை போட்டிருந்தார்கள். போடில் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு வேக வழியின் நட்டநடுவில் மெதுவாக நடந்தாள். ஐகில் இந்த விழாவுக்கென்றே தெரிந்த மெட்டில் பதினோரு சரணம் பாட்டு எழுதி அச்சடித்து வந்திருந்தார். இரண்டாயிரம் பேரும் தாளைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஏழாம் சரணத்தில் வடிகால் குழாய்களின் விட்டம் வந்தது. பாதிப் பேர் சாஸேஜ் வரிசைக்குப் போய்விட்டார்கள். மேயரும் மெல்ல நழுவப் பார்த்தார்.

"எங்க போற?" என்றார் ஐகில் மைக்கிலேயே. "இன்னும் நாலு சரணம் இருக்கு."

மேயர் திரும்பி வந்து பாடினார்.

பாட்டு முடிந்ததும் ஐகில் போடிலிடம் வந்தார். "கணக்குப் போட்டுப் பாத்தேன். நீ இதுவரைக்கும் நாப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு தடவ மன்னிப்புக் கேட்டிருக்க. லீவு நாளக் கழிச்சாச்சு."

"அவ்ளோதானா?"

"நாளைலேர்ந்து வேணாம்."

போடில் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "நாளைலேர்ந்து வேணாம்" என்று ஐகில் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

ஒரே ஒரு கவலை. பஸ் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்திருந்தது. புதுச் சாலை வந்துவிட்டதால் பதினேழாம் எண்ணை அதில் ஏற்றி நேரே நகரத்துக்கு விட்டால் என்ன என்று ஆபீஸில் யாருக்கோ யோசனை. லுந்தெரூப்புக்குள் நுழையவே நுழையாது. ஊருக்குள் இருக்கும் ஒன்பது நிறுத்தமும் போய்விடும். பஸ் வேண்டியவர்கள் மேம்பாலம் வரை இரண்டு கிலோமீட்டர் நடக்கட்டும். போடில் புதுச் சாலையில் மணிக்கு எண்பதில், யாருக்கும் கதவு திறக்காமல் போய்வரலாம். முடிவு செய்ய ஒரு கணக்கெடுப்பு: எப்போதும் நிரம்பி வழிவது ஏழு பன்னிரண்டுதானே, அதை மட்டும் எண்ணினால் போதும். முதல் வாரம் பழகிக்கொள்ள. இரண்டாவது வாரம் கணக்கு. சராசரி இருபது பேர் ஏறினால் பழைய வழி. இல்லாவிட்டால் புதுச் சாலை.

"இருபதா?" என்று போடில் சிரித்தாள். அவள் வண்டியில் முப்பதுக்குக் குறைந்ததே இல்லை.

திங்கட்கிழமை பெரிய தெரு வெறிச்சென்று கிடந்தது. லாரி இல்லை. பன்றி இல்லை. தேவாலயச் சந்திப்பில் பச்சை விழுந்தது, போடில் போனாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த முனையில் ஒரு பொத்தான் கடை இருப்பதைப் பார்த்தாள். இத்தனை நாள் அதை மறைத்துக்கொண்டு ஏதாவது ஒரு லாரி நின்றிருந்தது. லிண்டெவாய் திருப்பத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழு பன்னிரண்டு. கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

ஒரு பெண் மட்டும், சிவப்புக் கோட்டு, தோள்பை. போன மாதம் ஸ்வீடனிலிருந்து குடிவந்த குனில்லா. பல் மருத்துவமனையில் வேலை.

"குட் மார்னிங். சரியான நேரத்துக்கு வந்துட்டீங்களே, நல்ல ஊரு" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கதவு திறந்தவுடன் சொல்ல போடிலிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது. அதற்கு இப்போது வேலையில்லை. "ஏறு" என்றாள்.

அடுத்த எட்டு நிறுத்தத்திலும் சிலந்திதான். கடைசி நிறுத்தத்தில் மட்டும் ஒருவர் ஏறி, இது தவறான பஸ் என்று தெரிந்து இறங்கிக்கொண்டார்.

செவ்வாய், புதன், வியாழன். குனில்லா, குனில்லா, குனில்லா. அவள் பின்வரிசையில் காலை நீட்டிப் புத்தகம் படித்தாள். "எங்க ஊர் பஸ்ல நிக்கவே எடமிருக்காது. உங்களுக்கு எவ்ளோ நிம்மதி!" என்றாள். போடில் கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்த காரணம் ஒன்றுதான்: தெரு காலியானதும் எல்லோரும் காரை எடுத்துவிட்டார்கள். பன்றி லாரி இருந்தவரை அவள் தேவைப்பட்டாள். வழி கிடைத்ததும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர்கூட, 'போடில், நாளைலேர்ந்து வரமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு மன்னிப்புக்கு இதுதானா?

வெள்ளிக்கிழமை டிப்போவில் வெர்னரைப் பிடித்தாள். வெர்னர் ஏழு நாற்பத்திரண்டு ஓட்டுபவன். மேற்குக் கடற்கரைக்காரன். பல்லைப் பிடுங்கினாலும் வாயைப் பிடுங்க முடியாது.

"வெர்னர், உன் வண்டில எப்படி?"

வெர்னர் ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவி முடித்தான். மேலே ஒரு வெள்ளரித்துண்டு வைத்தான். அதை நேராக்கினான்.

"குத்தம் சொல்றதுக்கில்ல."

"அப்படின்னா?"

"இன்னும் மோசமா இருந்திருக்கலாம்."

"கூட்டம் இருக்கா இல்லையான்னு கேக்கறேன்!"

வெர்னர் யோசித்தான். "சுமார்."

போடில் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெர்னர் வண்டியும் சுமாராகத்தான் போகிறதென்றால், லுந்தெரூப்பே பஸ்ஸைக் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டினாள். மேற்குக் கடற்கரைக்காரன் வாயில் 'சுமார்' என்றால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கவலையில் அவளுக்கு இது மறந்துவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பூக்கடை வண்டி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு பெரிய பூங்கொத்து, மஞ்சளும் ஊதாவுமாக. அதில் ஒரு வாழ்த்து அட்டை. 'சீக்கிரம் குணமாகி வா, போடில்' என்று ஐகிலின் அச்சுக் கையெழுத்து. கீழே முப்பத்தொரு பெயர். ஓரத்தில் ஆளாளுக்கு ஒரு வரி.

'வெர்னர் நல்லாத்தான் ஓட்டறான். ஆனா மன்னிப்பே கேக்க மாட்டேங்கறான்.'

'உனக்கு உடம்பு சரியில்லையான்னு வெர்னரக் கேட்டோம். இருக்கலாம்னான்.'

'புது ரோடு வந்ததுலேர்ந்து நம்ம வண்டி அரை மணி லேட்டு! உன் காலத்துல பதினாலே நிமிஷம். திரும்பி வா!'

போடில் அதை நின்றபடி ஒருமுறை படித்தாள். உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். பூங்கொத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தபோது அவளுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து மேஜை விரிப்பின் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போகவில்லை. ஒருத்தர்கூடப் போகவில்லை. குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏழு இருபத்தாறுக்கு நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார்கள். அவளோ பதினாலு நிமிடம் முன்னாலேயே போய்விட்டாள். நின்றிருக்கிறார்கள். ஏழு நாற்பத்திரண்டுக்கு வெர்னர் சரியான நேரத்தில் தன் வண்டியோடு வந்திருக்கிறான். அதைத்தான் அரை மணி தாமதமாக வந்த ஏழு பன்னிரண்டு என்று எல்லோரும் ஏறியிருக்கிறார்கள். ஓட்டுநர் இடத்தில் போடில் இல்லை, ஆகவே போடிலுக்கு உடம்பு சரியில்லை.

சிரிப்பு நின்றது. திங்கட்கிழமையிலிருந்து கணக்கு. திங்கட்கிழமையும் ஏழு பன்னிரண்டில் குனில்லா மட்டும் ஏறினால்?

ஞாயிறு மதியம் போடில் ஐகில் வீட்டு மணியை அடித்தாள். போன் செய்யாமல் வருவது லிண்டெவாயில் யாரும் செய்யாத காரியம். ஐகில் கதவைத் திறந்து, ஒரு அடி பின்னால் போனார்.

"நீ படுத்திருக்க வேணாமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உள்ள வா, காத்து வருது. உக்காரு. கால்ல இந்தக் கம்பளியப் போட்டுக்கோ."

"ஐகில், நான் நல்லா இருக்கேன். வாரம் முழுக்க நான்தான் வண்டி ஓட்டினேன்."

"இல்லையே." அவர் நோட்டை எடுத்தார். "திங்கள், வெர்னர். செவ்வாய், வெர்னர். புதன், வெர்னர், அன்னிக்கு ஒரு சக்கரத்துல காத்து கம்மி. ஏழு பன்னெண்டு வண்டி, வந்து சேர்ந்தது ஏழு நாப்பத்திரண்டு. அஞ்சு நாளும் அதே முப்பது நிமிஷம். இவ்ளோ ஒழுங்கான தாமதத்த நான் வாழ்க்கைல பாத்ததில்ல."

மேஜையில் லேமினேட் இயந்திரம் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் ஒரு அடுக்கு, நூற்றி இருபது அட்டை, புதுத் திருத்தம்: கம்பெனி நேரத்தோடு முப்பது நிமிடம் கூட்டவும். அதன் மேல் ஒரு கடித உறை, தபால்தலை ஒட்டி, போக்குவரத்து அமைச்சருக்கு.

"இது என்ன?"

"புகார். பத்தொன்பது வருஷம் நாமளே கேட்டு வாங்கின ரோடு. அது வந்து தாமதம் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. ஏன்னு எனக்கே புரியல. ஆனா எண்ணு பொய் சொல்லாது."

"நீ நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்த?"

"ஏழு இருபத்தஞ்சு. எப்பவும் போல. ஒரு நிமிஷம் முன்னாடி."

"நான் ஏழு பன்னெண்டுக்கே வந்துட்டுப் போயிட்டேன்."

"இருக்காது."

"திங்கக்கெழமை உன் வீட்டு வாசல்ல நீலச் சட்டையில நின்னு பால் எடுத்த. நான் ஹாரன்கூட அடிச்சேன். நீ திரும்பல."

ஐகில் நாற்காலியை மேஜைக்கு இழுத்தார். நோட்டை மறுபடி பார்த்தார். விரலால் ஒரு பத்தியைத் தடவிக்கொண்டே போனார். ஓட்டுநர்: வெர்னர். ஓட்டுநர்: வெர்னர். காதுமடல் மெல்லச் சிவந்தது.

"வெர்னர் ஏழு நாப்பத்திரண்டு ஓட்டறவன்" என்றார்.

"ஆமா."

"அவன் ஏழு நாப்பத்திரண்டுக்கு வந்தான்."

"ஆமா ஐகில்."

"தாமதம்..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பூஜ்யம்."

ஐகில் உறையை எடுத்து, தபால்தலையை ஜாக்கிரதையாக நகத்தால் பெயர்த்து, இன்னொரு தாளில் ஒட்டி வைத்துக்கொண்டு, கடிதத்தை மட்டும் கிழித்தார்.

"ஒரு அளவையாளன்" என்றார், "தொடங்கற புள்ளிய மறுபடி அளக்காம கெளம்பிட்டேன். முதல் வருஷப் பையன்கூடச் செய்ய மாட்டான். இத யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு எனக்கு இருபது பேர் வேணும்." கணக்கெடுப்பை அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல ஐகிலின் முதுகு நிமிர்ந்தது. ஊருக்குள் பஸ்ஸே இல்லாமல் போகும் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"தொலைபேசிச் சங்கிலி!" என்றார்.

அது சங்கத்தின் விதி எட்டு. தண்ணீர்க் குழாய் உடைந்தால், தலைவர் இரண்டு வீட்டுக்குப் போன் செய்வார், அந்த இரண்டும் ஆளுக்கு இரண்டு, இப்படியே நூற்றி இருபது. கடைசி வீடு தலைவரைத் திரும்பக் கூப்பிட்டு 'வந்து சேர்ந்தது' என்று சொல்லவேண்டும். விதி எழுதி பதினெட்டு வருடம் ஆகிறது. குழாய் ஒருமுறைகூட உடையவில்லை. ஐகிலுக்கு அது உள்ளூர ஒரு குறைதான்.

அவர் எண்ணைச் சுழற்றினார். "ஐகில் பேசறேன். சங்கிலி. எழுதிக்கோ. திங்கள்லேர்ந்து பஸ் அச்சடிச்ச நேரத்துக்கு வருது. ஏழு பன்னெண்டுன்னா ஏழு பன்னெண்டு. ஆனா நாளைக்கு ஏழு மணிக்கே வந்து நில்லு. என் அட்டையக் கிழிச்சுப் போடு. ...இல்ல, குழாய் உடையல. ...இல்ல, போடில் சாகல. ...என் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கறா. சங்கிலில கேள்வி கேக்கக் கூடாது. வச்சிடறேன்."

"இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றார் போடிலிடம். "ஒரு போனுக்கு ரெண்டு நிமிஷம்னு கணக்குப் போட்டிருக்கேன்."

ஆனால் லிண்டெவாயில் போனை எடுத்தவன் இரண்டு நிமிடத்தில் வைப்பானா? பன்னிரண்டாம் எண் வீடு முப்பதாம் எண்ணிடம் பஸ்ஸைச் சொல்லி, அப்படியே மகளுடைய புதுச் சமையலறைக்குப் போயிற்று. முப்பதாம் எண் நாற்பத்தொன்றிடம், "நான் போன் பண்ணலாம்னு நெனச்சேன், நீயே பண்ணிட்ட, அந்த ஏணியத் திருப்பித் தர்றியா?" என்று ஆரம்பித்தது. நாற்பத்தொன்று, ஏணி எப்போது கடன் வாங்கியது என்றே ஞாபகமில்லை என்றது. போடில் இரண்டு கோப்பை காப்பி, மூன்று இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் முடித்தாள். ஐகில் போன் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூன்றரை. நாலரை. ஐந்தரை. கடைசி வீட்டிலிருந்து மணி அடிக்கவில்லை.

"எங்கயோ அறுந்துடுச்சு" என்றார் மெதுவாக.

"இல்ல, பேசிட்டிருப்பாங்க."

"எழுபத்தேழாம் நம்பரா இருக்கும். அவ போன எடுக்கவே மாட்டா."

போடில் எழுந்தாள். காலையில் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். கம்பளியை மடித்து நாற்காலியில் வைத்தாள். வாசல்வரை வந்த ஐகில் "காலைல பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. போடில் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினாள். தேவாலயச் சந்திப்பில் பச்சை. பொத்தான் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். போடில் ஆட்டவில்லை. அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன. எத்தனை பேர் வருவார்கள்? சங்கிலி முதல் பத்து வீட்டோடு நின்றிருந்தால் பத்து பேர். குனில்லாவோடு பதினொன்று. மீதி ஒன்பதுக்கு எங்கே போவது?

லிண்டெவாய் திருப்பத்தில் வேலி உயரமாக வளர்ந்திருக்கும். அதைத் தாண்டினால்தான் நிறுத்தம் தெரியும். வேலி முடிந்தது.

வரிசை நின்றது. நிழற்குடையிலிருந்து தபால்பெட்டி வரை, ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, பை கையில், கண் கடிகாரத்தில். வெர்னரின் வண்டியில் தொங்கிக்கொண்டு போன அத்தனை பேரும் இருந்தார்கள். காரில் போகிற சிலரும், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று வந்து நின்றிருந்தார்கள். போனை எடுக்காத எழுபத்தேழாம் நம்பர்கூட இருந்தாள். எல்லோருக்கும் முன்னால், நோட்டும் பென்சிலுமாக, ஐகில். அவர் எல்லோரையும் ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார், ஒரு பாதுகாப்புக்கு. வரிசையின் நடுவில் சிக்கிக்கொண்டு சிவப்புக் கோட்டுக் குனில்லா, "யாரு இவங்கல்லாம்?" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடில் கதவைத் திறந்தாள். தோள் தானாகக் குறுகியது. தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது.

"மன்னிச்சுக்கோ—"

வரிசையில் யாரும் அசையவில்லை. ஐகில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதுக்கு? ஏழு பதினொண்ணு."

போடில் திறந்த வாயை மூடவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சீக்கிரமா வந்துட்டேன்" என்றாள். "மன்னிச்சுக்கோங்க."

முதலில் சிரித்தது எழுபத்தேழாம் நம்பர். பிறகு வரிசை முழுக்க, தபால்பெட்டி வரை.

"சங்கிலியோட கடைசி வீடு, எண்பத்தேழாம் நம்பர், ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கூப்பிட்டான்" என்று ஐகில் ஏறும்போது கிசுகிசுத்தார். "வந்து சேர்ந்ததாம். நான் உனக்குப் போன் பண்ணல, நீ தூங்கியிருப்ப."

"நான் கண்ணே மூடல, ஐகில்!"

"ஓ" என்றார் அவர். "மன்னிச்சுக்கோ."

அன்று முப்பத்தெட்டு பேர். போடில் படிவத்தில் அந்த எண்ணை எழுதும்போது எட்டின் இரண்டு வயிற்றையும் நன்றாக உருட்டி எழுதினாள். அடுத்த நிறுத்தங்களில் சங்கிலி இல்லை. ஆனால் வேலை இடத்திலும் ரொட்டிக்கடையிலும் பேச்சு பரவி, புதன்கிழமைக்குள் எல்லா வரிசையும் நிறைந்தது. வெள்ளிக்கிழமை சராசரி நாற்பத்தொன்று. ஆபீஸிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"நாப்பத்தொண்ணா? போன வாரம் திங்கக்கெழமைக்கு நீ அனுப்பினது ரெண்டுன்னு இருக்கே. மத்த நாலு நாளும் ஒருத்தர்தான்னு இருக்கு. என்ன ஆச்சு?"

"பழகிக்கற வாரம்" என்றாள் போடில்.

"சரி. வழி மாத்தல. பழையபடியே ஓட்டு."

"பழையபடி வேணாம்" என்றாள் அவள் அவசரமாக. "இப்ப ஓட்டறபடி ஓட்டறேன்."

வெர்னருக்கு இதெல்லாம் டிப்போவில்தான் தெரிந்தது. போடில் பூங்கொத்திலிருந்து ஆரம்பித்து நடந்ததையெல்லாம் ஒவ்வொருவர் குரலிலும் செய்து காட்டினாள். ஐகிலின் விறைப்பு, குனில்லாவின் 'யாரு இவங்கல்லாம்?', கடைசியாக ரொட்டியில் வெள்ளரியை நேராக்கும் வெர்னர். மற்ற ஓட்டுநர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

"ஒரு வாரம் முழுக்க என் ஜனங்கள ஏத்திட்டுப் போயிருக்க" என்றாள். "அவங்க என் வண்டின்னு நெனச்சு ஏறறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

வெர்னர் மென்று விழுங்கினான்.

"தோணுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

கதவு திறக்கும்போது சொல்ல ஒரு வார்த்தை கிடைக்க போடிலுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. 'குட் மார்னிங்' என்று சொல்லிப் பார்த்தாள். அவள் குரலில் அது என்னவோ மன்னிப்புக் கேட்பது மாதிரியே வந்தது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் இரண்டே நாளில் அந்தத் தலையாட்டலைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் வரிசை நின்ற அந்தத் திங்கட்கிழமையே வண்டி ரயில் நிலையத்தில் ஏழு முப்பத்துநாலுக்கு நின்றது. முப்பத்தெட்டு பேரும் இறங்கினார்கள். பழக்கத்தில் பாதிப் பேர் நடைமேடையை நோக்கி ஓடினார்கள். போய்ப் பார்த்தால் ரயில் வர இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அங்கே பையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போடில் இன்ஜினை அணைத்தாள். திரும்பிப் புறப்பட ஆறு நிமிடம் இருந்தது. போன வாரமும் இருந்தது, ஆனால் அந்தக் கவலையில் அவள் குடுவையைத் தொடவே இல்லை. பையிலிருந்து குடுவையை எடுத்து மூடியில் காப்பியை ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஒரே மடக்காக வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

நாக்கு வெந்துவிட்டது. போடில் கையால் வாயை விசிறிக்கொண்டு, கண்ணில் நீரோடு, காலி வண்டியில் தனியாகச் சிரித்தாள். பிறகு ஊதி ஊதி மீதியைக் குடித்தாள். அவசரமே படாமல்.